அத்தியாயம் 5: மேசைவாள் வாங்குமுன்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் மரவேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும், நிலை வைக்கவோ கட்டில் செய்யவோ தெரிந்த ஒருவரை லயத்தில் காட்டுவார்கள். பகலில் பால் வெட்டும் வேலை, மழை பெய்து பால் வெட்ட முடியாத நாளில் தச்சு வேலை என்று வாழ்பவர்கள் பலர். கைவாளோடும் சீவுளியோடும் இத்தனை காலம் சமாளித்தவர்கள் இப்போது கையடக்கமான மேசைவாள் ஒன்று வாங்க நினைக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேசைவாளை மோட்டார் சக்தி பார்த்து வாங்காதீர்கள். பலகையை நேராக ஓட வைக்கும் கைட் சட்டம், பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடு, இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள். இவை இரண்டும் சரியாக உள்ள மெசினை வாங்கக் காசு போதாவிட்டால் மேசைவாளே வேண்டாம். நல்ல கைவட்டவாள் ஒன்றும் நேரான சட்டம் ஒன்றும் போதும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் நம் மரத்திலும் நம் மழையிலும் நம் கரண்டிலும் இருக்கிறது.

இடம்

மெசினின் அகலத்தை அளந்துவிட்டு "இது இஸ்தோப்பில் வைக்கலாம்" என்று முடிவு செய்பவர்கள் நிறையப் பேர். மேசைவாளுக்கு வேண்டியது அது நிற்கும் இடம் மட்டுமல்ல, பலகை ஓடும் இடமும்தான். 8 அடிப் பலகையை நீளவாக்கில் கிழிக்க பிளேட்டுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் மெசின், நீங்கள் நிற்க இடம் என்று கூட்டினால் 20 அடியை நெருங்கும். பழைய லயக் காம்பிரா 10க்கு 12 அடி. அதற்குள் 4 அடித் துண்டைக்கூட வசதியாகத் தள்ள முடியாது. இஸ்தோப்பு நீளமாக இருக்கிறதே என்றால், அது பக்கத்து வீட்டு வாசலுக்குக் குறுக்கே போகிறது. பிள்ளைகள் ஓடுகிற பாதையில் பலகை ஓடக்கூடாது.

7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு கிடைத்த குடும்பங்களுக்கு நிலைமை கொஞ்சம் நல்லது. 7 பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக மிச்சத்தில் ஒரு பக்கம் தகரக் கூரை இறக்கி, சிமெந்துத் தரை போட்டால் பட்டறை ஆகிவிடும். ஆனால் நம் காணிகள் சரிவில் இருக்கின்றன. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து எத்தனை உயிர்கள் போயின என்பதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. பட்டறைக்குத் தரை சமப்படுத்துகிறேன் என்று வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டை நெட்டுக்குத்தாக வெட்டாதீர்கள். முன்பக்கத்துச் சமதரையில் ஒரு சின்னத் திண்டு போதும்.

இரண்டு நிலைமையிலும் முடிவு ஒன்றுதான். மெசின் உள்ளே பூட்டி வைக்கப்படும், வேலை நேரத்தில் வெளியே தூக்கி வரப்படும். ஆகவே எடை முக்கியம். 22 கிலோவை ஒருவர் தூக்கிப் படி இறங்கலாம். 35 கிலோவுக்கு இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் எப்போதும் வீட்டில் இருப்பார் என்று நம்பி வாங்கினால், அந்த மெசின் ஒரு மூலையிலேயே கிடக்கும்.

தூக்கி வைத்த பிறகு அது ஆடக்கூடாது. மடிக்கும் கால்கள் நாலும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி சிமெந்துத் தரையில் இடம் குறித்து வையுங்கள். குறுக்குச் சட்டத்தில் மணல் மூட்டை ஒன்று தொங்கவிட்டால் பெரிய பலகை தள்ளும்போது மெசின் கவிழாது.

எந்த மரம், எவ்வளவு தடிப்பு

கேகாலைப் பக்கம் கைக்கு அதிகம் வருவது ரப்பர் மரம். முப்பது வருடத்தை ஒட்டிப் பால் தந்து முடிந்த மரங்களை வெட்டி மறுநடுகை செய்யும்போது மரம் குவியும். விலை குறைவு, நிறம் அழகு, சீவினால் வழவழப்பு. ஆனால் மேசைவாளில் அது பொல்லாத மரம். காற்றுக்கும் சரிவுக்கும் வளைந்து நின்று வளர்வதால் ரப்பர் மரத்தின் உள்ளே இழுவை இறுகிக் கிடக்கும். நீளவாக்கில் கிழித்தவுடன் அந்த இழுவை அவிழ்ந்து இரண்டு பாதியும் வளையும். சில நேரம் வெளிப்பக்கம் விரியும், சில நேரம் உள்பக்கம் மூடி ஓடுகிற பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும். ஈரம் காயாத பலகை என்றால் இன்னும் மோசம். மாவுச்சத்து நிறைந்த மரம் என்பதால் அறுத்த ஓரிரு நாளில் நீலம் பூக்கும், பிறகு வண்டு துளைக்கும். போரிக் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய ரப்பர் பலகையை மரக்காலையில் கேட்டு வாங்குவதே நல்லது.

பலா வேறு குணம். கொஞ்சம் கனமான, நேரான மரம். மேசைவாளில் ஒழுங்காக ஓடும். அதன் தூள் மஞ்சளாகக் கையிலும் சட்டையிலும் ஒட்டும். பிக்குமாரின் காவிக்குச் சாயம் எடுத்த மரமல்லவா, லேசில் போகாது. அல்பீசியா பஞ்சு போல மென்மை, மலைவேம்பும் கினிசப்பும் நடுத்தரம், தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கும் அறுக்க நல்லது. தென்னை மரத்தின் வெளிவட்டம் மட்டும் பிளேட்டைத் தின்னும். கார்பைட் பல் இல்லாத பிளேட்டைத் தென்னையில் விடாதீர்கள்.

மரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பலா, ஈரப்பலா மரங்களை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். அது உங்கள் வாசலில் நிற்கும் மரமாக இருந்தாலும் பிரதேச செயலகத்தில் கேட்ட பிறகுதான் கோடரி. தோட்டத்தில் விழுந்து கிடக்கும் மரம் தோட்டத்தின் சொத்து. துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கட்டையைக்கூட எடுக்காதீர்கள். பின்னால் வரும் வில்லங்கம் பலகையின் விலையைவிடப் பெரியது. செய்த சாமானை விற்கப் போகிறீர்கள் என்றால் வன அலுவலகத்தில் பட்டறைப் பதிவு பற்றியும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

இனித் தடிப்பு. கட்டிலுக்கும் மேசைக்கும் 2 அங்குலத்துக்கு மேல் ஒரே வெட்டில் அறுக்க வேண்டிய தேவை அபூர்வம். அலுமாரிக்கு 1 அங்குலம். சலாகைக்கு 2க்கு 1. ஆனால் கதவு நிலைக்கு 4க்கு 3 அங்குலக் கட்டை வேண்டும். 3 அங்குலம் என்பது 76 மில்லிமீட்டர். இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கையடக்க மேசைவாள்கள் பெரும்பாலும் இரண்டு அளவில் வருகின்றன. ஒன்று 8¼ அங்குலம், அதாவது 210 மி.மீ. பிளேட். மற்றது 10 அங்குலம், 254 மி.மீ. முதல் வகைக்கு உதாரணம் டிவால்ட் டிடபிள்யுஇ 7485. 1,850 வாட், நேராக 65 மி.மீ., 45 பாகை சாய்த்து 45 மி.மீ. ஆழம் அறுக்கும். கைட்டை 622 மி.மீ. வரை நகர்த்தலாம் என்பதால் 4 அடி அகலப் பிளைவூட்டை நடுவில் கிழிக்கலாம். எடை 22 கிலோவை ஒட்டியது. இரண்டாம் வகைக்கு பொஷ் ஜிடிஎஸ் 10 ஜே. 1,800 வாட், 79 மி.மீ. ஆழம், கைட் 460 மி.மீ. வரை, 26 கிலோ. மகிட்டா எம்எல்டி 100 இன்னும் ஆழமாக, 93 மி.மீ. அறுக்கும். ஆனால் 35 கிலோவை ஒட்டி வரும்.

நிலை செய்வதே உங்கள் முக்கிய வருமானம் என்றால் 10 அங்குலம் எடுங்கள். 65 மி.மீ. அறுக்கும் மெசின் 76 மி.மீ. கட்டையை ஒரே ஓட்டத்தில் கடக்காது. புரட்டிப் போட்டு இரண்டு தடவை அறுக்கலாம்தான், ஆனால் பழக்கமில்லாதவர் செய்கிற வேலையல்ல அது. கட்டில், அலுமாரி, ஜன்னல் கதவு, தேனீப் பெட்டி, சாமிப் படத்துச் சட்டம் என்று செய்பவருக்கு 210 மி.மீ. தாராளம். எப்போதோ வரும் நிலைக் கட்டையை மரக்காலையிலேயே கிழித்து வாங்கிவிடலாம். வீட்டுப் பட்டறைக்கு என் தேர்வு சின்னதுதான். தூக்கலாம், ஒல்லியான பிளேட் என்பதால் மரமும் குறைவாகத் தூளாகும்.

கைட் சட்டம்

பெட்டியில் 'ஃபென்ஸ்' என்று எழுதியிருக்கும். பலகையின் ஓரம் சாய்ந்து ஓடும் நெடுஞ்சட்டம் அது. மேசைவாளின் உயிர் அதில் இருக்கிறது. பிளேட்டுக்கு அது இணையாக நின்றால் பலகை வெண்ணெயாக ஓடும். பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் உள்ளே சாய்ந்து நின்றால் பலகையின் பின்பகுதியை மேலெழும் பற்களை நோக்கி நெருக்கும். அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும்.

கடையிலேயே சோதிக்க வேண்டும். மேசையில் பிளேட்டுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு காடி ஓடும். முதலில் பிளேட் அந்தக் காடிக்கு இணையா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு பல்லில் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் முன்னால் நிற்கும்போது காடிக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளவுங்கள். கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளவுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மெசினைத் திருத்த வழி உண்டா என்று கேளுங்கள். மேசையின் அடியில் திருத்தாணி இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பிறகு கைட்டைக் காடியின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பூட்டி, முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். தளர்த்தி, தள்ளி, திரும்பக் கொண்டுவந்து பூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பூட்டிய பின் அதன் பின் நுனியைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் அது முன்பக்கம் மட்டும் பிடிக்கும் மலிவுச் சட்டம். பல்சக்கரத்தில் முன்னும் பின்னும் ஒன்றாக நகரும் கைட் உள்ள மெசினைத்தான் நான் தேடச் சொல்வேன். மேலே சொன்ன டிவால்ட் அந்த வகை.

கடைக்காரர் அவசரப்படுத்தினால் தயங்காதீர்கள். "முதலாளி, கொஞ்சம் பொறுங்க, அளந்து பார்த்துத்தான் எடுப்பேன்" என்று சொல்லி டேப்பை எடுங்கள். நல்ல கடைக்காரர் மேசையைத் துடைத்துத் தருவார். அவிசாவளையில் கிடைக்காத மெசினுக்குக் கொழும்பு பழைய சோனகத் தெருவுக்குப் போகிறவர்கள், அங்கே நெரிசல் என்றாலும் இந்தச் சோதனையை விடக்கூடாது. திருப்பிக் கொண்டுபோக இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும்.

பிளவுத் தகடு

254 மி.மீ. பிளேட் நிமிடத்துக்கு 3,650 தடவை சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 175 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 210 மி.மீ. பிளேட் 5,800 தடவை சுற்றினால் வேகம் 230ஐத் தொடும். ரப்பர் பலகை மூடிப் பிளேட்டைக் கவ்வும் நொடியில் அந்த வேகம் முழுவதும் பலகைக்குப் போகிறது. பலகை திருப்பி உதைப்பதோடு நின்றாலும் ஒரு விதம். பலகையை அழுத்திக்கொண்டிருந்த கை, பலகை போனவுடன் பிளேட்டின் மேல் விழுகிறது. விரல் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

பிளேட்டுக்குப் பின்னால், அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் மெல்லிய இரும்புத் தகடு அறுத்த வாயை மூடவிடாமல் பிடித்து நிற்கும். அதன் தடிப்பு பிளேட்டின் உடலைவிடக் கூடுதலாகவும் பல்லின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். உடல் 1.8 மி.மீ., பல் 2.6 மி.மீ. என்றால் தகடு 2.2 மி.மீ. அளவில் இருந்தால் சரி. தகட்டின் மேலேயே அதற்குப் பொருந்தும் பிளேட்டின் அளவு பொறித்திருக்கும். வேறு பிளேட் மாற்றும்போது அதைப் படியுங்கள். தகடு இல்லாத மெசின், அல்லது "அது தேவையில்லை, கழற்றி வைத்திருக்கிறோம்" என்று விற்கப்படும் பழைய மெசின் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அமெரிக்காவில் ஸ்டீஃபன் காஸ் என்பவர் 1999இல் ஒரு வழி கண்டுபிடித்தார். விரல் பிளேட்டைத் தொட்டதும் உடலில் பாயும் சிறு மின் சமிக்ஞையை உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்று பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லி விநாடிக்குள் பிளேட்டை நிறுத்திவிடும். சோஸ்டொப் என்ற பெயரில் அந்த மெசின்கள் வருகின்றன. அருமையான ஏற்பாடு. ஆனால் சொட்டச் சொட்ட ஈரமான மரத்தையும் அது விரலென்று நினைத்துப் பாய்ந்துவிடக்கூடும், பாய்ந்தால் பிளேட்டும் கட்டையும் புதிதாக வாங்க வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் எதிர்பார்க்கக்கூடிய வசதியும் அல்ல. நமக்குக் காவல் பிளவுத் தகடும், மேல்மூடியும், தள்ளுகட்டையும்தான்.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு அங்குல மாபிள் கட்டரையோ கிரைண்டரையோ பிளைவூட்டின் அடியில் தலைகீழாகக் கட்டி, பல் பிளேட் பூட்டி மேசைவாள் என்று ஓட்டுவது பல பட்டறைகளில் நடக்கிறது. காசில்லாத இடத்தில் பிறந்த யோசனை அது, செய்பவர்களின் கைத்திறனை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கருவிகள் நிமிடத்துக்கு 11,000, 12,000 தடவை சுற்றுபவை. கல்லையும் இரும்பையும் தேய்க்கச் செய்தவை. பிளவுத் தகடு கிடையாது, மேல்மூடி கிடையாது, சுவிட்ச் மேசைக்கு அடியில் எங்கோ இருக்கிறது. ரப்பர் பலகை அதைக் கவ்வினால் தப்ப வழியில்லை. தயவுசெய்து அதைக் கழற்றி வையுங்கள்.

காசு சேரும்வரை 7¼ அங்குலக் கைவட்டவாள் ஒன்று வாங்குங்கள். 8 அடி நீள அலுமினியச் சட்டத்தைப் பலகையின் மேல் இரண்டு கிளாம்பால் பிடித்து, அதன் ஓரமாக ஓட்டினால் பிளைவூட் நேராகப் பிளக்கும். பலகை நகராது, வாள் நகரும். சின்ன வாசலில் முழுத் தகட்டை அறுக்க இதுதான் மேசைவாளைவிட வசதி. மேசைவாள் வாங்கிய பிறகும் பெரிய தகட்டை முதலில் இப்படித் துண்டாக்கிவிட்டு மேசைக்குக் கொண்டுபோவதுதான் புத்தி.

கரண்ட்

1,800 வாட் மெசின் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் சதுர முள் பிளக்கில் இது சிரமமில்லை. சிக்கல் அந்தப் பிளக்கிலிருந்து வாசல்வரை இழுக்கும் வயரில் இருக்கிறது. 20 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 8 ஆம்பியர் ஓடினால் 6 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டார் மூன்று நாலு மடங்கு இழுக்கும்போது 20 வோல்ட்டுக்கு மேல் விழும். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் ஓட்டத்தில் இழப்பு 2½ வோல்ட்டுக்குள் அடங்கும். வீட்டு வயரிங்கில் 7/0.67 என்று சொல்லும் பருமன் அது. வெளியே இழுக்க அதே பருமனில் ரப்பர் உறை போட்ட நெகிழ் வயர் கேளுங்கள்.

தோட்டத்தில் டிரான்ஸ்ஃபோமருக்குத் தூரமான லயங்களில் பின்னேரம் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் மோட்டாரின் சக்தியில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். பிளேட் தடுமாறும், மோட்டார் சூடேறும், புதிதாகப் பழகுபவர் இன்னும் அழுத்தித் தள்ளுவார். அங்கேதான் ஆபத்து. மெல்ல வேகமெடுக்கும் 'சொஃப்ட் ஸ்டார்ட்' உள்ள மெசின் இப்படிப்பட்ட லைனுக்கு நல்லது. கனமான வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய்ப் போய் வருவது நமக்குப் பழக்கம். 2022இல் ஒரே நாளில் 13 மணி நேரம் வெட்டியதும் நினைவிருக்கும். கரண்ட் போன மெசினைச் சுத்தம் செய்யக் கையை வைத்திருக்கும்போது திடீரென்று வந்தால் என்ன ஆகும்? கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாத சுவிட்ச் நல்ல மெசின்களில் உண்டு. சோதனை லேசு. கடையில் மெசின் ஓடும்போதே சுவரில் சுவிட்சை அணையுங்கள். பிளேட் நின்ற பிறகு திரும்பப் போடுங்கள். மெசின் அசையாமல் நின்றால்தான் வாங்கலாம். உங்கள் வீட்டு டிரிப் சுவிட்சையும் அதில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழாத டிரிப் சுவிட்ச் உள்ள வீட்டில் இந்த மெசினைப் போடாதீர்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த மெசின்கள் மலிவாகக் கிடைக்கும், தரமும் நன்றாக இருக்கும். அவை 100 வோல்ட். 230இல் நேராகக் குத்தினால் அந்த நிமிடமே எரிந்துவிடும். இறக்குமின்மாற்றி 2,000 விஏக்குக் குறையாமல் வேண்டும், அதன் விலையையும் எடையையும் கூட்டிப் பார்த்தால் மலிவு மலிவாக இருக்காது. பாவித்த மெசின் எதுவானாலும் பிளேட்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கார்பன் பிரஷ் எங்கே கிடைக்கும் என்பதையும் விற்பவரிடமே கேட்டுவிடுங்கள்.

மழையும் தூளும் சத்தமும்

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மி.மீ.க்கு மேல் மழை. பால் வெட்டாத நாள்தான் பட்டறை நாள் என்றால் பட்டறை நாளெல்லாம் மழை நாள். ஆகவே கூரை இல்லாமல் மேசைவாள் வாங்காதீர்கள். படங்கு கட்டினால் சாரல் நிற்காது. மெசினை ஈரத் தரையில் வைக்கக்கூடாது, வயர் இணைப்பு தரையில் கிடக்கக்கூடாது.

மேசை அலுமினியம் என்றால் துருப்பிடிக்காது. நம் காற்றுக்கு அதுவே ஏற்றது. பிளேட் அச்சு, ஏற்றியிறக்கும் திருகு, கைட் ஓடும் குழாய் எல்லாம் இரும்பு. வேலை முடிந்ததும் தூளைத் துடையுங்கள். ஈரத்தை இழுத்து வைத்திருப்பது அந்தத் தூள்தான். மேசையில் மெழுகுதிரியைத் தேய்த்துத் துணியால் பூசினால் பலகை வழுக்கி ஓடும். திருகுக்கு எண்ணெய் போடாதீர்கள், தூள் ஒட்டிப் பசையாகும். அங்கேயும் மெழுகுதான்.

தூள் வெளியேறும் வாயில் ஒரு சாக்கைக் கட்டிவிடுங்கள். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தூளைக் காளான் வளர்ப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள், அது ஒரு கைச்செலவுக் காசு. மருந்து ஏற்றிய பலகையின் தூளை அதில் கலக்காதீர்கள், அது சாப்பிடுகிற பொருளுக்குப் போகிறது.

இந்த மெசின்கள் 100 டெசிபலை ஒட்டிச் சத்தம் போடுபவை. அந்தச் சத்தத்தில் காது மூடாமல் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது கேட்கும் திறனுக்குக் கேடு. சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைப் பிள்ளை தூங்கலாம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கலாம். அறுக்கும் வேலையை ஒரு நேரத்தில் சேர்த்து வைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிளேட்டும் முதல் நாளும்

மெசினோடு வரும் பிளேட் நடுத்தரம். கிழிப்பதற்கு 24 பல், பொது வேலைக்கு 40, பிளைவூட்டுக்கு 60. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் 24உம் 60உம். ரப்பர் பலகையைப் பல் நெருக்கமான பிளேட்டில் கிழித்தால் கருகும். வாங்குமுன் நடுத் துளையின் அளவைப் பாருங்கள். ஒரே விட்டமுள்ள பிளேட் 30, 25.4, 16 மி.மீ. என்று நாட்டுக்கு நாடு வேறு துளையோடு வருகிறது. 210 மி.மீ. பிளேட் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று மெசின் வாங்குமுன் விசாரியுங்கள். மரப்பால் ஒட்டிய பிளேட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் திரும்பக் கூர் வந்தது போல ஓடும்.

முதல் நாள் எதையும் செய்து முடிக்க நினைக்காதீர்கள். பிளக் கழற்றிய நிலையில் பிளேட்டின் நேர், கைட்டின் நேர், பிளவுத் தகட்டின் நேர் மூன்றையும் மறுபடி பாருங்கள். தூக்கி வருகையில் எதுவும் அசைந்திருக்கலாம். வீணான பலகையில் இரண்டு தள்ளுகட்டை செய்து கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். பிளேட் பலகைக்கு மேல் ஒரு பல் உயரம் தெரிந்தால் போதும். பிளேட்டுக்கு நேர் முன்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். சாரத்தை மடித்துக் கட்டுவது இந்த வேலைக்குப் போதாது, காற்சட்டை போடுங்கள். கையுறை வேண்டாம், பல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடி வேண்டும், காதுமூடி வேண்டும்.

தனியாக இருக்கும் நாளில் மெசினைப் போடாதீர்கள். வீட்டில் உள்ளவர்களுக்குச் சுவிட்ச் எங்கே என்று காட்டிக் கொடுங்கள். 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணை மெசினுக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள், அது இலவசம். காயம் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் அதைக் கழுவித் தேய்க்காமல் ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைத்து ஆளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஐஸ் நேராக விரலில் படக்கூடாது. தோட்டத்து ரோட்டில் இறங்கி இரத்தினபுரி அல்லது கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும் என்பதால், இதை வீட்டில் உள்ள பெரிய பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பிளக்கைக் குத்துங்கள்.